2012 குடியரசுக் கட்சிக் களம்: ஒரு கன்சர்வேட்டிவ் வாக்காளரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் கரோலினாவில் வசிக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை பெற்றதிலிருந்து குடியரசுக் கட்சிக்கே வாக்களித்து வருகிறேன். தமிழ் நண்பர்கள் கூடும் இடங்களில் பேச்சு அரசியல் பக்கம் திரும்பினால், 2012 பிரைமரியைப் பற்றி யாராவது கேட்காமல் இருப்பதில்லை. அத்தனை பேர் நின்றார்களே, கடைசியில் ஏன் மிட் ராம்னி? வாரத்துக்கு ஒருவர் முன்னணிக்கு வந்தது ஏன்? நான் யாருக்கு வாக்களித்தேன்? என் பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒரு பக்கம் நின்று வாக்களித்தவனின் பார்வை இது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பிரைமரி என்றால் என்ன? நம்மூரில் கட்சித் தலைமைதானே வேட்பாளரை அறிவிக்கும்?

அமெரிக்காவில் அந்த முடிவை எடுப்பது வாக்காளர்கள். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி நாளில் வாக்களிக்கும். சில மாநிலங்களில் வாக்குச்சாவடித் தேர்தல். அயோவா போன்ற சில மாநிலங்களில் காக்கஸ், அதாவது ஊர் ஊராகக் கூடிப் பேசி வாக்களிக்கும் கூட்டம். கிடைக்கும் வாக்குகளுக்கு ஏற்ப வேட்பாளர்களுக்கு டெலிகேட்டுகள், அதாவது கட்சியின் தேசிய மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகள், ஒதுக்கப்படுவார்கள். 2012-இல் குடியரசுக் கட்சிக்கு மொத்தம் 2,286 டெலிகேட்டுகள். 1,144 பேரைச் சேர்த்தவரே வேட்பாளர்.

முதலில் அயோவா, அடுத்து நியூ ஹாம்ப்ஷயர், பிறகு எங்கள் தென் கரோலினா, அதற்கடுத்து புளோரிடா. 1980 முதல் 2008 வரை தென் கரோலினாவில் வென்றவர்தான் ஒவ்வொரு முறையும் கட்சியின் வேட்பாளர் ஆனார். அதனால் இங்கே எங்களுக்கு ஒரு பொறுப்புணர்ச்சி உண்டு. வாக்காளர் பட்டியலில் கட்சி பெயர் பதிவு செய்யும் வழக்கம் எங்கள் மாநிலத்தில் இல்லை. பதிவு பெற்ற எந்த வாக்காளரும் வந்து வாக்களிக்கலாம்.

இன்னொன்று: கீழே கவர்னர் என்று அடிக்கடி வரும். அமெரிக்கக் கவர்னர் மக்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர். ஏறக்குறைய நம்மூர் முதலமைச்சர் மாதிரி.

அந்த ஆண்டு உங்களைப் போன்றவர்களுக்கு எது முக்கியப் பிரச்சினை?

எல்லாவற்றுக்கும் மேலாக, 2010 மார்ச்சில் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். ஒவ்வொரு குடிமகனும் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும், வாங்காவிட்டால் அபராதம் என்று அந்தச் சட்டம் சொன்னது. குடிமகன் ஒரு தனியார் பொருளை வாங்கியே தீரவேண்டும் என்று வாஷிங்டன் உத்தரவிட முடியுமா? முடியும் என்றால் அரசின் அதிகாரத்துக்கு வரம்பு எங்கே? அரசின் செலவையும் வரியையும் எதிர்த்து எழுந்த டீ பார்ட்டி இயக்கத்தின் கூட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை அரசியல் பதாகை எதையும் தூக்கியதில்லை. இந்தக் கேள்விதான் அவர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அந்த வேகத்தில்தான் 2010 நவம்பரில் கட்சி பிரதிநிதிகள் சபையில் கூடுதலாக 63 இடங்களைப் பிடித்தது.

அடுத்தது கடன். 2011 ஆகஸ்ட்டில் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் என்ற மதிப்பீட்டு நிறுவனம் அமெரிக்காவின் கடன் மதிப்பீட்டைக் குறைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் தேசியக் கடன் 15 டிரில்லியன் டாலரைத் தாண்டியது.

எங்கள் மாநிலத்துக்கென்று இன்னொரு கோபமும் இருந்தது. வட சார்ல்ஸ்டனில் போயிங் நிறுவனம் விமானத் தொழிற்சாலை அமைத்தபோது, வாஷிங்டன் மாநிலத் தொழிற்சங்கத்தைப் பழிவாங்கவே இங்கே வந்தது என்று மத்தியத் தொழிலாளர் உறவு வாரியம் 2011 ஏப்ரலில் வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த எட்டு மாதங்களும், ஒரு நிறுவனம் எந்த மாநிலத்தில் தொழில் தொடங்கலாம் என்பதைத் தலைநகர் வாஷிங்டனின் அதிகாரிகள் தீர்மானிப்பதா என்ற பேச்சு இங்கே ஓயவே இல்லை.

களத்தில் யார் யார் இருந்தார்கள்?

மாசசூசெட்ஸ் முன்னாள் கவர்னர் மிட் ராம்னி. பிரதிநிதிகள் சபையின் முன்னாள் சபாநாயகர் நியூட் கிங்ரிச். பென்சில்வேனியா முன்னாள் செனட்டர் ரிக் சாண்டோரம். டெக்சாஸ் கவர்னர் ரிக் பெரி. டெக்சாஸ் எம்.பி. ரான் பால். மினசோட்டா எம்.பி. மிஷேல் பாக்மன், அதே மாநிலத்தின் முன்னாள் கவர்னர் டிம் பாலென்டி. பீட்சா நிறுவனமொன்றை நடத்திய தொழிலதிபர் ஹெர்மன் கேன். யூட்டாவின் முன்னாள் கவர்னரும் சீனாவுக்கான ஒபாமாவின் தூதராக இருந்தவருமான ஜான் ஹன்ட்ஸ்மன். இவர்கள்தான் பேசப்பட்டவர்கள்.

ராம்னி நல்ல நிர்வாகி ஆயிற்றே. அவரிடம் உங்களுக்கு என்ன குறை?

நல்ல நிர்வாகி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்தார். ஊழல் புகாரில் சிக்கித் தடுமாறிய 2002 சால்ட் லேக் குளிர்கால ஒலிம்பிக்கை எடுத்து ஒழுங்காக நடத்திக் காட்டினார். குடும்பம், தனிவாழ்க்கை எதிலும் கறை இல்லை. இந்தக் களத்தில் நின்றவர்களில் நான் என் வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்கக்கூடிய ஆள் அவர்.

ஆனால் 2006 ஏப்ரலில், மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்தபோது, ஒரு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் கட்டாயக் காப்பீடு இருந்தது. வாங்காதவருக்கு அபராதம் இருந்தது. ஏழைகளுக்கு அரசு மானியமும், காப்பீடு வாங்க ஒரு பொதுச் சந்தையும் இருந்தன. கையெழுத்து விழாவில் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் டெட் கென்னடி பக்கத்தில் நின்றார். அந்தச் சட்டத்துக்கு ஆலோசனை சொன்ன பொருளாதார அறிஞர் ஜோனதன் க்ரூபர் பின்னாளில் ஒபாமாவின் சட்டத்துக்கும் ஆலோசகரானார். இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவர் எவருக்கும் உறவு தெரியும்.

கட்டாயக் காப்பீடு என்ற யோசனை 1989-லேயே ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு நிறுவனத்திடமிருந்து வந்ததுதான் என்று ராம்னி தரப்பு சொல்லும். உண்மைதான். ஒரு யோசனை எங்கள் பக்கத்தில் பிறந்தது என்பதற்காக அது சரியாகிவிடாது. 2010-க்குள் கட்சியின் அடித்தளம் அதை முழுமையாக நிராகரித்துவிட்டது. ஹெரிட்டேஜே அதிலிருந்து விலகிவிட்டது.

என் வாதம் எளிமையானது. ஒரு கட்சி ஒரே ஒரு கேள்வியை மையமாக வைத்துத் தேர்தலைச் சந்திக்கிறது. அந்தக் கேள்வியை எதிராளியிடம் கேட்க வாய் இல்லாத ஒருவரை முன்னே நிறுத்தக்கூடாது. ராம்னியின் மற்ற மாற்றங்களை, உதாரணமாக கருக்கலைப்பு விஷயத்தில் அவர் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டதை, நான் மன்னிக்கத் தயாராக இருந்தேன். மனிதர்கள் உண்மையாகவே மனம் மாறுவதுண்டு. காப்பீட்டு விஷயத்தில் அவர் மனம் மாறவே இல்லை. கடைசி வரை தான் செய்தது சரி என்றே சொன்னார்.

மாநிலம் செய்யலாம், மத்திய அரசு செய்யக்கூடாது என்பதுதானே அவர் பதில்? அது கூட்டாட்சி வாதம்தானே?

ஆம், 2011 மே மாதம் ஆன் ஆர்பரில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், இதற்கென்றே ஒரு உரை நிகழ்த்தினார். அரசியல் சாசனப்படி அவர் சொன்னது சரி. பத்தாவது திருத்தம் மாநிலங்களுக்கு விட்டுவைத்திருக்கும் அதிகாரம் பரந்தது. நீதிமன்றத்தில் இந்த வாதம் நிற்கும்.

மக்கள் மன்றத்தில் நிற்காது. மாத வருமானத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு, அபராத நோட்டீஸ் பாஸ்டனிலிருந்து வருகிறதா வாஷிங்டனிலிருந்து வருகிறதா என்பதில் என்ன ஆறுதல்? கட்டாயப்படுத்துவதே தவறு என்பது எங்கள் நிலைப்பாடு. அவரோ எந்த அரசு கட்டாயப்படுத்தலாம் என்று பாகுபாடு செய்தார். இரண்டும் வேறு வேறு வாதங்கள். முதல் வாதம் மக்களைத் திரட்டும். இரண்டாவது, வழக்கறிஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது.

இவ்வளவு பெரிய பலவீனத்தை மற்ற வேட்பாளர்கள் ஏன் பயன்படுத்திக்கொள்ளவில்லை?

இன்றுவரை என்னை வருத்தும் கேள்வி இது. டிம் பாலென்டி 2011 ஜூன் 12 அன்று தொலைக்காட்சிப் பேட்டியில், ஒபாமா பெயரையும் ராம்னி பெயரையும் கோத்து அந்தச் சட்டத்துக்கு 'ஒபாம்னிகேர்' என்று பெயர் சூட்டினார். அடுத்த நாள் நியூ ஹாம்ப்ஷயர் விவாத மேடையில் ராம்னி சில அடி தூரத்தில் நின்றார். நெறியாளர் அதே பெயரைச் சொல்லி மீண்டும் மீண்டும் கேட்டும், பாலென்டி நேருக்கு நேர் சொல்லத் தயங்கி ஒபாமாவை நோக்கியே பேச்சைத் திருப்பினார். அந்த ஒரு தயக்கத்தோடு அவருடைய பிரச்சாரம் சரியத் தொடங்கியது. ஆகஸ்ட்டில் அயோவாவின் ஏம்ஸ் நகரில் நடந்த மாதிரி வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்து, மறுநாளே விலகினார். இரண்டு முறை கவர்னராக இருந்த, நிதானமான மனிதர் அவர். இன்னும் சில மாதங்கள் தாக்குப்பிடித்திருந்தால் கதையே வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பெரிக்கு விவாதத்தில் வாக்கியத்தை முடிக்கவே சிரமம். கிங்ரிச்சே முன்பு கட்டாயக் காப்பீட்டை ஆதரித்துப் பேசியவர். மிச்சம் இருந்தவர் சாண்டோரம். ஜனவரி 26 அன்று ஜாக்சன்வில் விவாதத்தில் அவர் ராம்னியை இந்த விஷயத்தில் மடக்கியதுதான் அந்தப் பிரைமரிக்காக நடந்த சுமார் 20 விவாதங்களில் சிறந்த கட்டம். அதற்குள் நான்கில் மூன்று முதல் மாநிலங்கள் வாக்களித்து முடித்துவிட்டன.

ரிக் பெரி ஏன் எடுபடவில்லை? டெக்சாஸின் வேலைவாய்ப்புச் சாதனை பெரிதாகப் பேசப்பட்டதே?

காகிதத்தில் பார்த்தால் களத்திலேயே பலமான வேட்பாளர். 2000 டிசம்பரிலிருந்து கவர்னர். நாடே வேலையிழந்து தவித்தபோது டெக்சாஸ் வேலை கொடுத்தது. 2011 ஆகஸ்ட் 13 அன்று எங்கள் சார்ல்ஸ்டனில்தான் போட்டியை அறிவித்தார். சில நாட்களிலேயே கருத்துக்கணிப்புகளில் முதலிடம்.

சரிவு இரண்டு கட்டமாக வந்தது. நவம்பர் 9 அன்று மிச்சிகனில் நடந்த விவாதத்தில், தான் மூடப்போகும் மூன்று மத்தியத் துறைகளின் பெயரைச் சொல்ல ஆரம்பித்து, வணிகம், கல்வி என்று இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதை மறந்து நின்றதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அது எரிசக்தித் துறை. 2017-இல் அதே துறைக்கு அவர் அமைச்சரானார். ஆனால் கன்சர்வேட்டிவ் வாக்காளர் மனதில் அவர் விழுந்தது அதற்கு முன்பே, செப்டம்பர் 22 அன்று ஆர்லாண்டோ விவாதத்தில். ஆவணமின்றிக் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு டெக்சாஸ் கல்லூரிகளில் உள்ளூர் மாணவர் கட்டணச் சலுகை தரும் சட்டத்தில் 2001-இல் கையெழுத்திட்டவர் அவர். அதை எதிர்ப்பவர்களுக்கு இதயமே இல்லை என்று மேடையில் சொன்னார். தன் கட்சி வாக்காளரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டார்.

நீங்களே குடியேறி வந்தவர். உங்களுக்கு அது எப்படிப் பட்டது?

என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் அதிகமாகவே உறைத்தது. எச்-1பி விசாவில் வந்து, கிரீன் கார்டுக்கு மனு போட்டு, வருடக்கணக்கில் காத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். எந்த ஒரு நாட்டவருக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற வரம்பால் இந்தியர்களின் வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகிறது. விதிப்படி வரிசையில் நிற்பவரைப் பற்றி அந்த விவாதங்களில் பேசியவர் மிகக் குறைவு.

ஆனால் ஒன்று நடந்தது. 2011 நவம்பர் 29 அன்று, வேலை அடிப்படையிலான கிரீன் கார்டுகளுக்கு அந்த நாட்டு வரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 389-க்கு 15 என்ற கணக்கில் நிறைவேறியது. கொண்டுவந்தவர் யூட்டாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ். செனட்டில் அதை முடக்கியவரும் எங்கள் கட்சிக்காரரே, அயோவாவின் சக் கிராஸ்லி. இந்தக் கட்சியில் இரண்டு போக்கும் உண்டு. எது வெல்ல வேண்டும் என்பதற்காக உள்ளே இருந்து வாக்களிப்பது என் வழி.

ஹெர்மன் கேனின் 9-9-9 திட்டம்?

தொழிலுக்கு 9 சதவீத வரி, தனிநபர் வருமானத்துக்கு 9, தேசிய விற்பனை வரி 9. கேட்பதற்கு நன்றாக இருந்தது, மனிதரும் விரும்பத்தக்கவர், செப்டம்பரில் புளோரிடா மாதிரி வாக்கெடுப்பை வென்றார். எனக்கு அதில் ஒரே பயம்: வருமான வரியை வைத்துக்கொண்டே மத்திய அரசுக்குப் புதிதாக ஒரு விற்பனை வரியையும் கையில் கொடுக்கிறோம். அடுத்து வரும் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், 9-ஐ 12 ஆக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? பாலியல் தொந்தரவுப் புகார்கள் எழுந்தன, அவர் மறுத்தார், டிசம்பர் 3 அன்று பிரச்சாரத்தை நிறுத்தினார்.

கிங்ரிச்சுக்கு உங்கள் மாநிலம் 40 சதவீத வாக்கை அள்ளிக் கொடுத்ததே. ஏன்?

சண்டை போடத் தெரிந்தவர் என்பதால். ஜனவரி 19 அன்று சார்ல்ஸ்டன் விவாதத்தின் முதல் கேள்வியே அவருடைய முன்னாள் மனைவியின் குற்றச்சாட்டைப் பற்றி. அவர் கேள்வி கேட்டவர் மீதே பாய்ந்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஊடகங்கள் தங்களை மதிப்பதில்லை என்று வருடக்கணக்கில் மனதுக்குள் பொருமிக்கொண்டிருந்த வாக்காளர்களின் கைதட்டல் அது. இரண்டு நாள் கழித்து கிங்ரிச் 40, ராம்னி 28. மாநிலத்தின் 25 டெலிகேட்டுகளில் 23 கிங்ரிச்சுக்கு. (முறைப்படி எங்களுக்கு 50 இருந்திருக்க வேண்டும், கட்சி விதியை மீறித் தேதியை முன்னே தள்ளியதற்குத் தண்டனையாகப் பாதி போனது.)

1994-இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் என்ற பத்து அம்சத் திட்டத்தை வைத்து, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் சபையைக் கட்சிக்கு வென்று கொடுத்தவர் அவர். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் 2011 மே மாதம், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரைச் சீர்திருத்தும், எங்கள் கட்சி எம்.பி. பால் ரயனின் திட்டத்தை, சபையில் எங்கள் உறுப்பினர்கள் அரசியல் ஆபத்தைத் தெரிந்தே வாக்களித்து நிறைவேற்றிய திட்டத்தை, வலதுசாரி சமூகப் பொறியியல் என்று தொலைக்காட்சியில் தாக்கினார். வீட்டுக்கடன் நெருக்கடியில் மூழ்கிய ஃப்ரெடி மேக் நிறுவனத்திடமிருந்து அவருடைய ஆலோசனை நிறுவனம் சுமார் 16 லட்சம் டாலர் பெற்றிருந்தது. போதாததற்கு, ஜனவரியில் பெய்ன் கேப்பிட்டலை வைத்து ராம்னியைத் தாக்கிய விதம் ஒபாமா பிரச்சாரக் குழு எழுதிக் கொடுத்தது போல இருந்தது. நட்டத்தில் ஓடும் ஒரு நிறுவனத்தை வாங்கிச் சீரமைப்பதைப் பாவம் என்று குடியரசுக் கட்சி மேடையில் பேசுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பெரியும் அதே பாட்டைப் பாடினார்.

கோபத்தை நன்றாகப் பேசுபவர் நன்றாக ஆள்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சபாநாயகராக அவர் இருந்த நான்கு ஆண்டுகளில் சொந்தக் கட்சி உறுப்பினர்களே அவரை இறக்க முயன்றது எங்களுக்கு மறக்கவில்லை.

அப்படியானால் உங்கள் வாக்கு?

ரிக் சாண்டோரம். மாநிலத்தில் அவர் மூன்றாவதாகத்தான் வந்தார்.

அவருடைய குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 2006-இல் பென்சில்வேனியா செனட் தொகுதியை பாப் கேசியிடம் 17 புள்ளிக்கும் மேல் தோற்றவர். புஷ் காலத்தில் மெடிகேர் மருந்துத் திட்டத்துக்கு வாக்களித்தார். பணம் எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்காமல் விரிவாக்கிய திட்டம் அது. 2004-இல் தன் மாநிலத்தின் செனட் பிரைமரியில் கன்சர்வேட்டிவான பாட் டூமியை விட்டுவிட்டு, பதவியில் இருந்த செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டரை ஆதரித்தார். ஸ்பெக்டர் 2009-இல் கட்சி தாவினார். அரிசோனா விவாதத்தில், புஷ்ஷின் கல்விச் சட்டத்துக்கு மனமில்லாமல்தான் வாக்களித்தேன், கட்சிக்காகச் செய்தேன் என்று சொன்னபோது அரங்கமே முகம் சுளித்தது. எனக்கும் வலித்தது.

இத்தனையும் தெரிந்தே வாக்களித்தேன். 1996 நலத்திட்டச் சீர்திருத்தத்தை செனட்டில் முன்னின்று நடத்தியவர் அவர். அந்த நூற்றாண்டின் இறுதியில் நடந்த உருப்படியான கன்சர்வேட்டிவ் சட்டம் என்றால் அதைத்தான் சொல்வேன். பணமில்லாமல் அயோவாவின் 99 மாவட்டங்களுக்கும் போய், பத்துப் பேர் கூடிய கூட்டத்திலும் நின்று பேசினார். தொழிற்சாலை மூடிப்போன ஊர்களைப் பற்றி, பட்டப்படிப்பு இல்லாத உழைப்பாளியைப் பற்றி அக்கறையாகப் பேசியவர் அந்த மேடையில் அவர் ஒருவரே. கட்டாயக் காப்பீட்டைப் பற்றி ஒபாமாவிடம் கேட்க வேண்டியதை அவரால் கேட்க முடிந்தது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அயோவாவில் அவருக்கு நடந்ததும் கொடுமை. ஜனவரி 3 இரவு ராம்னி 8 வாக்கில் வென்றதாக அறிவித்தார்கள். ஜனவரி 19 அன்று சான்றளிக்கப்பட்ட எண்ணிக்கையில் சாண்டோரம் 34 வாக்கு முன்னே இருந்தார். எட்டு வாக்குச்சாவடிகளின் கணக்கு கிடைக்கவே இல்லை. வெற்றி பெற்றவர் என்ற பெயரோடு நியூ ஹாம்ப்ஷயருக்கும் தென் கரோலினாவுக்கும் வந்திருக்க வேண்டிய மனிதர், அந்தப் பெயர் இல்லாமலே வந்தார். நிதி திரட்டலில் அந்த இரண்டு வாரங்களின் மதிப்பு என்ன என்று பிரச்சாரங்களில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ரான் பாலுக்கு இளைஞர்களிடம் அவ்வளவு ஆதரவு இருந்ததே?

இருந்தது, நியாயமாகவே. மத்திய ரிசர்வ் வங்கியைத் தணிக்கை செய், முதல் ஆண்டிலேயே ஒரு டிரில்லியன் டாலர் செலவைக் குறை என்று தயங்காமல் சொன்னவர். காங்கிரஸில் போட்ட வாக்குகளில் சொல்லுக்கும் செயலுக்கும் இடைவெளி இல்லாத ஒரே வேட்பாளர். நியூ ஹாம்ப்ஷயரில் 23 சதவீதம் வாங்கினார்.

ஈரான் விஷயத்தில் அமெரிக்கா தலையிடக்கூடாது என்ற அவருடைய நிலைப்பாட்டோடு என்னால் போக முடியவில்லை. படைத்தளங்கள் நிறைந்த தென் கரோலினாவில் பலராலும் முடியவில்லை. அவருடைய ஆதரவாளர்கள் கட்சி விதிகளை மற்றவர்களைவிட நன்றாகப் படித்திருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அயோவாவில் மூன்றாவதாக வந்தவருக்கு, மாவட்ட மாநாடு, மாநில மாநாடு என்று ஒவ்வொரு படியிலும் பொறுமையாக உட்கார்ந்திருந்து, தம்பாவில் நடந்த தேசிய மாநாட்டில் அந்த மாநிலத்தின் 28 டெலிகேட்டுகளில் 22 பேரின் வாக்கை வாங்கிக் கொடுத்தார்கள்.

ஹன்ட்ஸ்மன்?

யூட்டாவில் அவர் வரியைக் குறைத்த விதம் உண்மையிலேயே நல்ல கன்சர்வேட்டிவ் வேலை. ஆனால் பிரச்சாரம் முழுக்க எங்களுக்குப் பாடம் எடுக்கும் தொனியிலேயே பேசினார். நியூ ஹாம்ப்ஷயரில் மூன்றாம் இடம், ஜனவரி 16 அன்று விலகல்.

உண்மையான பலசாலிகள் நிற்கவே இல்லை என்கிறார்களே?

ஒப்புக்கொள்கிறேன். இண்டியானா கவர்னர் மிட்ச் டேனியல்ஸ் நின்றிருந்தால் நான் வேறு யாரையும் பார்த்திருக்க மாட்டேன். மாநில வரவுசெலவைச் சீர்செய்து காட்டியவர், கடனைப் பற்றிப் பெரியவர்களிடம் பேசுவது போலப் பேசத் தெரிந்தவர். குடும்பத்தை முன்னிட்டு 2011 மே மாதம் விலகினார். நியூ ஜெர்சியின் கிறிஸ் கிறிஸ்டி அக்டோபரில் தன் நேரம் இதுவல்ல என்றார். மைக் ஹக்கபி, ஹேலி பார்பர், சாரா பேலின், பால் ரயன் ஒருவரும் இறங்கவில்லை. பதவியில் இருக்கும் அதிபரை எதிர்ப்பதைவிட 2016 வரை காத்திருக்கலாம் என்று கணக்குப் போட்டவர்களும் அதில் உண்டு.

கன்சர்வேட்டிவ் வாக்குகள் பிளந்ததால்தான் ராம்னி வென்றாரா?

பெரும்பகுதி அதுதான். பிப்ரவரி 7 அன்று சாண்டோரம் கொலராடோ, மினசோட்டா, மிசூரி மூன்றையும் வென்றார். பிப்ரவரி 28 அன்று, ராம்னியின் அப்பா கவர்னராக இருந்த மிச்சிகனிலேயே ராம்னிக்கு 41, சாண்டோரத்துக்கு 38. மார்ச் 6 அன்று ஒஹாயோவில் 38-க்கு 37. அங்கே கிங்ரிச் 15 சதவீதத்தைத் தன் பக்கம் வைத்திருந்தார். அவர் ஒரு வாரம் முன்பு விலகியிருந்தால் ஒஹாயோ யாருக்குப் போயிருக்கும்? ஜனவரி நடுவில் சுவிசேஷக் கிறிஸ்தவத் தலைவர்கள் சுமார் 150 பேர் டெக்சாஸ் பண்ணை ஒன்றில் கூடி சாண்டோரத்தை ஆதரிப்பது என்று முடிவெடுத்தார்கள். வாக்காளர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

பிளவை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. ஒழுங்காக வேலை செய்தவர் ராம்னி. வர்ஜீனியாவில் வாக்குச்சீட்டில் இடம்பெற 10,000 கையெழுத்துகள் வேண்டும், பதினொரு காங்கிரஸ் தொகுதிகளிலும் தலா 400 இருக்க வேண்டும். ராம்னியும் ரான் பாலும் மட்டுமே அதை முடித்தார்கள். வர்ஜீனியாவிலேயே வீடு வைத்திருந்த கிங்ரிச்சால் முடியவில்லை. சாண்டோரம் மனுவே கொடுக்கவில்லை. நாட்டை நடத்த வருகிறேன் என்பவருக்குப் பத்தாயிரம் கையெழுத்து ஒரு நியாயமான தேர்வு என்றே நினைக்கிறேன்.

பிறகு பணம். 2010 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் வந்த, வரம்பின்றி நன்கொடை திரட்டிச் செலவிடக்கூடிய சூப்பர் பேக் குழுக்களின் முதல் அதிபர் தேர்தல் அது. ராம்னிக்கு ஆதரவான குழு அயோவாவிலும் புளோரிடாவிலும் கிங்ரிச்சை விளம்பரங்களால் நசுக்கியது. கிங்ரிச்சைத் தாங்கிப் பிடித்ததும் ஷெல்டன் அடெல்சன் என்ற சூதாட்ட விடுதி அதிபரின் பணம்தான்.

ஜெயிக்கக்கூடியவரைப் பார்க்க வேண்டாமா? கொள்கை மட்டும் போதுமா?

பார்க்க வேண்டும். வெல்லக்கூடியவர்களில் மிகவும் வலதுசாரியானவரை ஆதரிக்க வேண்டும் என்பது நேஷனல் ரெவ்யூ இதழைத் தொடங்கிய வில்லியம் பக்லி வகுத்த விதி. அதை நான் மதிக்கிறேன். 2010-இல் டெலவேரில் மிதவாதியான மைக் காஸ்லை ஒதுக்கிவிட்டு கிறிஸ்டின் ஓடானலை நிறுத்தி, கைக்கு வந்திருக்கக்கூடிய செனட் இடத்தைக் கட்சி இழந்தது. அந்தப் பாடம் 2012-இல் பலரை ராம்னி பக்கம் தள்ளியது. அப்போதைய எங்கள் கவர்னர் நிக்கி ஹேலி, டீ பார்ட்டி ஆதரவில் வென்றவர், 2011 டிசம்பரிலேயே ராம்னியை ஆதரித்தார்.

ஆனால் யார் வெல்லக்கூடியவர் என்பதை எப்படி அளப்பது? நிதானமான தோற்றம், தடுமாறாத பேச்சு, பணம் என்று அளந்தார்கள். எதிராளியின் பலவீனத்தைத் தொட முடியுமா என்பதையும் அளந்திருக்க வேண்டும். 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், கட்டாயக் காப்பீட்டின் அபராதம் ஒரு வரி என்று சொல்லிச் சட்டத்தைக் காப்பாற்றியது. ஒபாமா நடுத்தர மக்கள் மீது வரி போட்டார் என்று அன்றே நாடு முழுக்கச் சொல்லியிருக்கலாம். சில நாட்களில் ராம்னியின் மூத்த ஆலோசகர் அது வரியல்ல, அபராதம் என்று பேட்டி கொடுத்தார். வரி என்று ஒப்புக்கொண்டால் மாசசூசெட்ஸில் ராம்னியும் வரி போட்டவர் ஆகிவிடுவாரே. ஜூலை 4 அன்று ராம்னி அதை வரி என்றார். ஆகஸ்ட்டில் அவருடைய செய்தித் தொடர்பாளரே, ஒரு விளம்பரத்துக்குப் பதில் சொல்லும்போது மாசசூசெட்ஸ் சட்டத்தைப் புகழ்ந்தார். அக்டோபர் 3 டென்வர் விவாதத்தில், ராம்னி மிக நன்றாகப் பேசிய அந்த இரவிலும், இது அவருடைய சட்டத்தின் வார்ப்புதான் என்று ஒபாமா சொல்லிக் காட்டினார். 2010-இல் 63 இடங்களை வென்று கொடுத்த வாதம் 2012-இல் எங்கள் கையில் இல்லை.

சாண்டோரம் நின்றிருந்தால் ஒபாமாவை வென்றிருப்பாரா?

தெரிந்தது போலப் பேச மாட்டேன். பிப்ரவரியில் அவர் கருத்தடையைப் பற்றியும், ஜான் கென்னடியின் மதச்சார்பின்மை உரை தனக்குக் குமட்டலைத் தந்ததாகவும் பேசிப் பேசி, தொழிற்சாலை ஊர்களைப் பற்றிய தன் நல்ல பேச்சைத் தானே மறைத்துக்கொண்டார். ஒஹாயோ, பென்சில்வேனியா, விஸ்கான்சின் தொழிலாளிகளிடம் பேசக்கூடிய வேட்பாளர் கட்சிக்குத் தேவை என்று அவர் 2012-இல் சொன்னது சரி. அந்த மூன்று மாநிலங்களும் அந்த ஆண்டு ஒபாமாவுக்குப் போயின. 2016-இல் மூன்றும் எங்கள் பக்கம் வந்தன.

நவம்பரில் ராம்னிக்கு வாக்களித்தீர்களா, வீட்டில் இருந்தீர்களா?

வாக்களித்தேன். ஏப்ரல் 10 அன்று சாண்டோரம் விலகினார், மே 29 அன்று டெக்சாஸில் ராம்னி 1,144-ஐத் தாண்டினார். அதன்பின் என் வேலை அவரை வெற்றிபெறச் செய்வது. பால் ரயனைத் துணை அதிபர் வேட்பாளராக அவர் அறிவித்தபோது மனதார மகிழ்ந்தேன். தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினேன். முடிவு, மாநிலவாரியான தேர்வாளர் வாக்குகளில் ஒபாமாவுக்கு 332, ராம்னிக்கு 206. தென் கரோலினா ராம்னி பக்கமே நின்றது.